எண்ணெய் படாத நான்கு மாதங்கள்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மறதி நோய் பற்றிய விளக்கக் கூட்டம் நடந்தது. நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்.

இரண்டாவது வரிசையில் தங்கப்பொண்ணு உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் மலைச்சாமிக்கு அல்சைமர் என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. திரையில் ஒரு நரம்பு செல்லின் படம் வந்தது. உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் துளிகள். அவை கொழுப்பு என்றார் டாக்டர் பிரியம்வதா. இந்த நோயில் மூளைச் செல்களுக்குள் இருக்கும் கொழுப்பு மாறிப்போவதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்து வருகிறார்கள் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசியது தங்கப்பொண்ணுவின் காதில் ஏறவில்லை. அந்தத் துளிகள் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைப் போலவே இருந்தன.

தங்கப்பொண்ணு இருபத்தெட்டு வருடம் வெள்ளரிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். இத்தனை பிள்ளைக்கு இவ்வளவு எண்ணெய் என்று தாளில் இருந்தால் ஒரு சொட்டு கூட்டவோ குறைக்கவோ மாட்டார். கணவருக்கான தாளில் இனி எண்ணெயே கிடையாது என்று அவருக்குப் பட்டது. அன்று மதியமே நல்லெண்ணெய்த் தூக்கைப் பரணில் ஏற்றிவிட்டார். தாளிக்காத குழம்பு, அவித்த காய், இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வெறும் பொடி.

மலைச்சாமி மேலூர்–மதுரை தடத்தில் கண்டக்டராக இருந்தவர். அந்த நாட்களில் தங்கப்பொண்ணு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளைக்கு அரிசி புடைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் அஞ்சே கால் பஸ்சில் ஏறுவார். அது மலைச்சாமியின் வண்டி. டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர சீட்டில் மேலூரிலிருந்தே அவருடைய துண்டு கிடக்கும். யாராவது உட்காரப் போனால், "ஆள் வருதுண்ணே" என்பார். கல்லூரிக்குப் போய்வரும் பையன்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளரிப்பட்டி நெருங்கும்போதே பின்னாலிருந்து, "கண்டக்டரண்ணே, ஆள் வருது" என்று குரல் வரும். டிரைவர் அழகுமலை தன் பங்குக்கு இரண்டு முறை ஹாரன் அடிப்பார். தங்கப்பொண்ணு யாரையும் பார்க்காமல் ஏறுவார். மலைச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். இருவரும் ஒத்தக்கடை வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். மழை பெய்தால் மட்டும் மலைச்சாமி வந்து ஜன்னல் தட்டியை இறக்கிவிடுவார்.

செப்டம்பரில் மலைச்சாமி தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தார். அக்டோபரில் தங்கப்பொண்ணுவைச் சமையக்காரம்மா என்று கூப்பிட்டார். தன் மனைவி எண்ணெய்க் கத்தரிக்காய் எம்புட்டு நன்றாக வைப்பாள் என்று அவரிடமே சொல்லிவிட்டு, போய் அவளை வரச் சொல்லும்படி கேட்டார். நோய் முற்றுகிறது என்று தங்கப்பொண்ணு நினைத்தார். பத்தியத்தை இன்னும் இறுக்கினார்.

டிசம்பரில் டாக்டர் பிரியம்வதாவிடம் போனபோது மலைச்சாமியின் எடை ஐம்பத்தொரு கிலோ. ஜூலையில் ஐம்பத்தெட்டு இருந்தது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்ன டாக்டர், வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கூட வந்திருந்த அழகுமலை முந்திக்கொண்டார்.

"போன வாரம் நானும் சாப்பிட்டேன் டாக்டரம்மா. அதைப் பள்ளிக்கூடத்துல போட்டிருந்தா பிள்ளைக மறியல் பண்ணியிருக்கும். எண்ணெய்யக் கண்ணுலயே காட்டலை."

தங்கப்பொண்ணு கூட்டத்தில் பார்த்த படத்தைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தக் கொழுப்பு அடுக்களையிலிருந்து போய்ச் சேர்ந்தது அல்ல, பெரும்பாலும் மூளை தனக்குத் தானே செய்துகொள்வது என்றார். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நல்ல மூளையிலேயே பாதிக்குப் பாதி கொழுப்புதான். இந்த நோயில் அதைக் கையாள்வதில் எங்கோ கோளாறு வருகிறது. ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

"அப்ப நாலு மாசமா அவரப் பட்டினி போட்டது நானா?" என்று தங்கப்பொண்ணு கேட்டார்.

"நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்மா," என்றார் டாக்டர். "அவருக்குப் பிடிச்சத ஆக்கிப் போடுங்க. நோய் அதனால குறையாது. ஆனா அவர் சாப்பிடணும்."

மறுநாள் தங்கப்பொண்ணு தூக்கை இறக்கினார். பிஞ்சுக் கத்தரிக்காயை நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி, புளி ஊற்றினார். மணம் முன் அறை வரைக்கும் போனது. சாயங்காலம் தட்டை வைத்ததும் மலைச்சாமி குனிந்து முகர்ந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டார். தங்கப்பொண்ணு அதில் உட்காரப் போனார்.

"ஆள் வருதும்மா," என்றார் மலைச்சாமி. சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

தங்கப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்து ஏழெட்டு நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே போய் சேலையை மாற்றினார். ஆணியில் மாட்டியிருந்த பழைய கைப்பையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக வெளியேறி, சந்து வழியே சுற்றி, வாசல் பக்கம் வந்தார். செருப்பைக் கழற்றினார். யாரையும் பார்க்காமல் உள்ளே ஏறினார்.

மலைச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தங்கப்பொண்ணு உட்கார்ந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மலைச்சாமி இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தங்கப்பொண்ணு தினமும் அஞ்சே காலுக்கு வாசல் வழியாக வந்தார். ஜனவரி கடைசியில் மலைச்சாமியின் எடை ஐம்பத்து மூன்று கிலோ. குழாய் போடவில்லை.