வாங்க வந்தவள் விற்ற வீடு

வீட்டக்காவுக்குச் சொந்தமாக வீடு கிடையாது.

ஊரில் பாதிப் பேருக்கு வீடு பார்த்துக் கொடுத்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயர் வங்கிக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் ஞாபகம். "என்னக்கா, நீங்க இன்னும் வாடகை வீட்லதானா?" என்று யாராவது சீண்டினால், "பரிமாறுறவ கடைசியிலதானே சாப்பிடணும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

வீடு வாங்க வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான். "வெயில்ல எல்லா வீடும் அழகுதான். மழையில ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நாலு வார்த்தை பேசுங்க. சுவரை மாத்தலாம், பக்கத்து வீட்டை மாத்த முடியாது." விற்கிறவர்களுக்கு வேறு பாடம். "குறையை நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா அது விவரம். வாங்குறவங்க கண்டுபிடிச்சா அது குத்தம்."

தொழில்மேல் அவளுக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை வாசல் திறந்து உள்ளே விட்டு, படுக்கையறை வரை காட்டி, "உக்காருங்க, டீ போடறேன்" என்கிறார்களே, வேறு எந்த வேலையில் இது கிடைக்கும்? கதவு திறந்த அத்தனை பேருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அவள் படுப்பாள்.

அவளுக்கும் ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணம் வந்தது புருஷனின் கண்ணால். அவர் தையல்காரர். வாடகை வீட்டின் நடையில், ட்யூப்லைட்டுக்குக் கீழே மிஷின். கருப்பு நூலையும் கருநீல நூலையும் பிரித்துப் பார்க்க, எழுந்து வாசலுக்குப் போய்வருவார். கண் டாக்டர் மாற்றி மாற்றிக் கண்ணாடி எழுதிக் கொடுத்து அலுத்து, "நல்ல வெளிச்சத்துல உக்காந்து தைங்க. இல்லேன்னா தொழிலை விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த வெளிச்சம் ஒரு சந்துக்குள் கிடைத்தது. ஒடுக்கமான மாடி வீடு. கீழே ஹாலும் சமையலறையும். மேலே இரண்டு அறையும் குளியலறையும். மேல் அறையில் சுவரகலத்துக்கு ஒரு ஜன்னல். முதல் தடவை பார்த்தபோது தையல்காரர் அந்த ஜன்னலடியில் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார். வங்கிக் கடனும் கைகூடிவிட்டது. விற்பனை, சாவிக்கொத்தின் கையில் இருந்தது. இடுப்பில் ஊரான் வீட்டுச் சாவிகளாகத் தொங்கவிட்டுக்கொண்டு திரியும் புரோக்கர் அவன், வீட்டக்காவுக்குத் தொழிலில் பரம எதிரி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், முன்பணச் செக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புருஷனும் மனைவியும் இரண்டாம் தடவை வீட்டைப் பார்க்கப் போனார்கள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சாவிக்கொத்து போனில் வந்தான்.

"அக்கா, வண்டி பஞ்சர். இன்னொரு பார்ட்டியும் வர்றாங்க. நான் வர்ற வரைக்கும் உள்ள உக்கார வையேன்."

போனை வைப்பதற்குள் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார்கள், ஒரு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும்.

"புரோக்கர் நீங்கதானே மேடம்?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமாங்க" என்றாள் வீட்டக்கா. பொய்யில்லையே! புரோக்கர்தான். ஆனால் அந்த 'ஆமாங்க' வாயை விட்டு வந்ததும் பழக்க தோஷம் அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

"குடையை இந்த மூலையில வைங்க. இவ்வளவு மழை அடிக்குதே, சுவத்தைத் தொட்டுப் பாருங்க. ஈரம் இருக்கா? குறையையும் சொல்லிடறேன், சமையலறை சின்னது. ரெண்டு பேர் நின்னா சண்டை வரும். ஒருத்தர் நின்னா நிம்மதி."

மனைவி சிரித்தாள். "அப்ப இவரையே நிக்க வச்சிடறேன்."

பின்னால் நின்ற தையல்காரர் இருமினார். வீட்டக்கா திரும்பவில்லை. மாடிக்கு அழைத்துப் போய் ஜன்னலைத் திறந்தாள். "மழை நாள்லயே இந்த வெளிச்சம்னா, மத்த நாள்ல எப்படி இருக்கும்? இங்க உக்காந்து ஊசியில நூல் கோத்தா, முதல் தடவையே கோத்துடலாம்."

தையல்காரர் இன்னும் பலமாக இருமினார்.

"அண்ணனுக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கே" என்றார் மருந்துக்கடைக்காரர். "கடைக்கு வாங்கண்ணே, நல்ல சிரப் தர்றேன்."

வீட்டக்கா எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அவர்களிடமும் கேட்டாள். "வீட்ல யார் யாருங்க?"

"நாங்க ரெண்டு பேரும் எங்கம்மாவும். அம்மாவுக்கு முட்டிதான் மக்கர் பண்ணுது. கடை மருந்துல பாதி அவங்களுக்கே போகுது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அங்கேதான் வீட்டக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. படுக்கையும் குளியலும் மாடியில். படி செங்குத்து. வேறொரு வீடாக இருந்தால், "அம்மாவுக்கு இது சரிப்படாதுங்க" என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பாள். ஆனால் இது அவளே வாங்க வந்த வீடு. இப்போது சொன்னால் அது ஆலோசனையா, ஆளைக் கிளப்பிவிடும் தந்திரமா? அவளுக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

சாவிக்கொத்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது மருந்துக்கடைக்காரர் முடிவே செய்துவிட்டார். "மேடம் காட்டினதுல எங்களுக்குத் திருப்தி. நாளைக்குக் காலையில அட்வான்ஸோட வர்றோம்."

அவர்கள் போனதும் சாவிக்கொத்து தலையைத் துவட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். "அக்கா, நீ வாங்க வந்தியா, விக்க வந்தியா?"

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டா" என்றார் தையல்காரர்.

வீட்டக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சாவிக்கொத்து குரலைத் தாழ்த்தினான். "இன்னும் யாரும் அட்வான்ஸ் குடுக்கல. பையில செக் இருக்குல்ல? இப்பவே எழுதிக் குடு. அவங்களை நான் சமாளிச்சுக்கறேன்."

அவளுடைய கை பைக்குள் போய், வெறுமனே திரும்பி வந்தது. "வாசல் வழியா நான் அவங்களுக்கு வித்துட்டு, கொல்லை வழியா நானே வாங்கறதா? வேணாம் தம்பி."

"அப்ப அந்த முட்டிக் கதை?" என்று கேட்டார் தையல்காரர். "அதை ஏன் முழுங்கின?"

"சொன்னா எனக்கு லாபம்ங்க. எப்படிச் சொல்றது?"

"உண்மையைச் சொன்னா உனக்கு லாபம்னா, அது பொய்யாயிடுமா?" குடையை விரித்துக்கொண்டே கேட்டார். "நீ லாபத்துக்குப் பயந்து வாயை மூடிக்குவே. நாளைக்கு அந்தம்மா படியில உருண்டா யாரு பதில் சொல்றது?"

வீட்டக்கா படியிலிருந்து எழுந்தாள். பிறகு சாவிக்கொத்திடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நாளைக்கு அவங்கம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் வாங்காதே. அவ்வளவுதான்."

"பாக்கலாம்" என்றான் அவன், பிடி கொடுக்காமல்.

மறுநாள் காலை வீட்டக்கா புருஷனோடு முந்திக்கொண்டு போய் வாசலில் நின்றாள். மருந்துக்கடைக்காரரும் மனைவியும் வந்ததும், தயங்காமல் சொன்னாள்.

"நான் புரோக்கர்தான். ஆனா இந்த வீட்டுக்கு இல்ல. இந்த வீட்டை வாங்க வந்தவ. நேத்து பழக்கத்துல வாய் ஓடிப் போச்சு. உங்கம்மா முட்டியைப் பத்திக் கேட்டதும் படி செங்குத்துன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

மனைவியின் முகம் மாறியது. "அதானே பாத்தேன். நேத்து ஆகா ஓகோன்னீங்க, இன்னைக்குப் படி ஆகாதுங்கறீங்க. எங்களை ஓட்டப் பாக்கறீங்களா?"

"என்னை நம்ப வேண்டாம்மா. படியே சொல்லட்டும்."

அப்போது சாவிக்கொத்து ஒரு காரிலிருந்து இறங்கினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு மருந்துக்கடைக்காரரின் அம்மா. வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"என் முட்டியைப் பத்தி ஊரே பேசுது, என்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா? விலகுங்க."

யார் கையையும் பிடிக்காமல் கைப்பிடியைப் பற்றி ஏறத் தொடங்கினாள். ஊன்றுகோல் ஒவ்வொரு படியிலும் தட்டித் தட்டி, கடைசியில் மாடியில் ஒலித்தது.

"நல்ல காத்துடா!" என்று மேலிருந்து குரல் வந்தது. "ஜன்னலும் ஜோரு!"

போச்சு. சரி, போகட்டும். மனசார ஒரு வீட்டை ஒருத்தருக்குக் காட்டினோம், அவர்களுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதானே என்று வீட்டக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஊன்றுகோல் சத்தம் திரும்பிப் படிவரைக்கும் வந்து நின்றுவிட்டது. மகன் எட்டிப் பார்த்தார். அம்மா முதல் படியில் காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றாள்.

"என்னம்மா?"

"ஏறிட்டேன்டா. இறங்கத்தான் முடியல. ஒரு நாற்காலி கொண்டா."

காலி வீட்டில் நாற்காலி ஏது? பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தார்கள். முன்னால் மகனும் பின்னால் தையல்காரருமாகத் தூக்கி, சுவரில் இடித்து, கைப்பிடியில் இடித்து, இறக்கினார்கள். பாதி வழியில் அம்மா தையல்காரரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஜன்னல்கிட்ட யாரோ சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருக்கே, அது யாரு?"

"நான்தாங்க. மிஷின் எவ்வளவு இடம் பிடிக்கும்னு... முதல் தடவை வந்தப்ப." அவருக்கு மூச்சு வாங்கியது. "கண்ணு கொஞ்சம் மங்கல். வெளிச்சம் வேணும்னாங்க."

கீழே இறங்கியதும் அம்மா நாற்காலியை விட்டு எழாமலே தீர்ப்புச் சொன்னாள். "கண்ணு அவருக்கு, முட்டி எனக்கு. அவங்கவங்க நோவுக்கு ஏத்த வீட்டை அவங்கவங்க வாங்குங்க. தினம் என்னை இப்படித் தூக்க ஆள் வைக்கப் போறியாடா?"

மருமகள் வீட்டக்காவின் பக்கம் வந்தாள். "தப்பாப் பேசிட்டேன்க்கா."

"நீ பேசினது சரிம்மா. என் இடத்துல யார் நின்னாலும் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்." வீட்டக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு படிகூட இல்லாத வீடு ஒண்ணு என் கையில இருக்கு. சமையலறையும் பெருசு. வர்றீங்களா?"

அந்த வாரமே அம்மா அந்த வீட்டைச் சுற்றி வந்து, குளியலறைக் கதவு அகலத்தைக் கையால் அளந்து, சரி என்றுவிட்டாள்.

சந்து வீட்டுப் பத்திரம் முடிந்த அன்று, சாவிக்கொத்து வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற முடியாமல் நகத்தை உடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டா அக்கா? அன்னைக்கு ராத்திரியே அந்த மருந்துக்கடைக்காரர் போன் போட்டு, அட்வான்ஸை இப்பவே அனுப்பிடறேன்னாரு. அம்மா பாக்கட்டும், அப்புறம் அனுப்புங்கன்னு நிறுத்தி வச்சேன். காலையில நானே போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்."

வீட்டக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவன்! "ஏன்டா தம்பி?"

"ஏன்னா? நீ கோவிச்சுக்கிட்டு இந்தத் தொழிலை விட்டுப் போயிட்டா, நான் யாரோட போட்டி போடறது?" சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். "சரி, பால்ல தண்ணி கலக்காத டீயா ஒண்ணு வாங்கிக் குடு, கிளம்பறேன்."

"டீ அப்புறம். எனக்கு ஒரு உதவி பண்ணு. இத்தனை வருஷத்துல நான்தான் எல்லாருக்கும் வீட்டைக் காட்டினேன். எனக்கு யாரும் காட்டினதில்ல. ஒரு தடவை சுத்திக் காட்டேன்."

சாவிக்கொத்து அவள் விளையாடுகிறாளா என்று பார்த்தான். இல்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"வாங்கம்மா, வாங்க சார். இதுதான் ஹால்."

தையல்காரர் முதலில் நுழைந்தார். வீட்டக்கா வாயே திறக்காமல் பின்னால் போனாள். சமையலறை பெரியது என்று அவன் புளுகியபோதுகூடத் திருத்தவில்லை.