கீழ் மூலையில் ஒரு கட்டம்

ஒரு நகரம் அதைக் கட்டியவனுக்கும் சொந்தமில்லை, படையெடுத்து வென்றவனுக்கும் சொந்தமில்லை. அதைக் காகிதத்தில் அடக்கியவனுக்கே சொந்தம். வரைபடக்காரர் இந்தப் பேருண்மையை வெளியிட்டபோது, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சாவி கதவுலயே தொங்குதுடா,” என்றாள் அக்கா.

அக்கா வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் தம்பி வீட்டில் வந்து தங்குவது இதுதான் முதல் தடவை. ஒரு வாரம் இருந்து ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம். ஊரைச் சுற்றிக் காட்டுவதற்குத் தன்னைவிடத் தகுதியானவன் பிறக்கவில்லை என்பது தம்பியின் எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது. சுற்றுலா அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் வரைபடப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, அடிக்கடி காகிதத்தை மென்று துப்பும் ஒரு அச்சு இயந்திரம், அப்புறம் அவர். வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் கையில் இலவசமாகத் திணிக்கப்படும் மடிப்பு வரைபடம் அவருடைய படைப்பு. முள்கரண்டி போட்டிருந்தால் சாப்பாட்டுக் கடை, கட்டில் போட்டிருந்தால் விடுதி, ஆணும் பெண்ணும் விறைப்பாக அருகருகே நின்றால் கழிப்பறை. கீழ் வலது மூலையில், பொன்னிறக் கட்டத்துக்குள், “ஆய்வும் ஆக்கமும்” என்று போட்டு அவர் பெயர். ஆய்வு என்பது பழைய வரைபடத்தைப் பார்த்தது. ஆக்கம் என்பது அதன் நிறத்தை மாற்றியது.

அதில் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, மேலே தனியாக ஒரு விளக்கும் வைத்திருந்தார். அக்கா வந்து இறங்கியதும், பெட்டியைக்கூட வைக்க விடாமல் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

“பேரு நல்லா பெருசா விழுந்திருக்கு,” என்றாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாப்பிடும்போது அவர் மகளிடம், “உங்கப்பனுக்கு எங்க வீட்டுல என்ன பேரு தெரியுமா? தொலைஞ்சான்,” என்று ஆரம்பித்தாள்.

கதை இதுதான். ஆறு வயதில் அவர் காணாமல் போனார். தெருவே திரண்டு தேடியது. கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தாள். சொந்த வீட்டின் பின்வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். அதுவரை வீட்டை அவர் பின்பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

“யார் வீடோன்னு நெனச்சு, உள்ளேருந்து வந்த எங்கம்மாகிட்டயே ‘எங்க வீடு எங்க இருக்கு’ன்னு கேட்டான்,” என்றாள் அக்கா. மனைவிக்குப் புரையேறியது. அந்தப் புரையில் பாதி சிரிப்பு.

இதையெல்லாம் அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். ஆனால் இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே மகள், “தொலைஞ்சானப்பா, துண்டு எடுத்துக் குடுங்க,” என்று குரல் கொடுத்தபோது அவருக்குத் திக்கென்றது. களை முளைத்துவிட்டது. இனி வேர் விடும், பள்ளிக்கூடம் போகும், அங்கிருந்து அலுவலகத்துக்கு வர எத்தனை நாள் ஆகும்? அக்கா சூட்டிய பட்டத்தை அக்காவே வாபஸ் வாங்கியாக வேண்டும்.

“அக்கா, ஒரு பந்தயம்,” என்றார், சாவியைக் கதவிலிருந்து உருவியபடி. “இன்னிக்குப் பழைய நகரம் பூரா நடந்தே காட்டறேன். ஒரு ஆள்கிட்ட வழி கேட்க மாட்டேன். கேட்கலேன்னா, அந்தப் பேரை நீ விட்டுடணும்.”

“கேட்டுட்டா?”

“கேட்க மாட்டேன்.”

“அதான், கேட்டுட்டா?”

“நம்ம குட்டியோட கல்யாணத்துல மைக் பிடிச்சு நீயே சொல்லிக்கோ.”

“ஐயோ, அதுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் காத்திருக்கணுமே,” என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நால்வரும் கிளம்பினார்கள். முந்தைய நாட்களின் அனுபவத்திலேயே அவர் கொஞ்சம் புண்பட்டிருந்தார். அருங்காட்சியகத்தில் ராஜாவின் வாளைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் முதுகுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஏரியில் நீரின் பரப்பளவை அவர் சொல்லி முடிப்பதற்குள், அத்தையும் மருமகளும் மிதிபடகில் ஏறி நடு ஏரிக்குப் போய்விட்டார்கள். கரையில் அவருக்கு வாய்த்த ஒரே ரசிகர் கடலை விற்பவர். அவரும் “வாங்கறீங்களா இல்லையா?” என்று கேட்டுவிட்டார்.

இன்று அப்படி நடக்கவில்லை. கோட்டை வாசலில் கையை வீசி அவர் பேசத் தொடங்கியதும் வெளியூர்க்காரர்கள் சிலர் நின்று கேட்டார்கள். முடிவில் காசு கேட்பாரோ என்ற சந்தேகம் வந்து ஒவ்வொருவராக நழுவினார்கள். இருந்தாலும் கோட்டையிலிருந்து மணிக்கூண்டுக்கு ஒரு திருப்பம்கூடத் தவறாமல் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கூண்டு கோட்டை வாசலிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

வெயில் ஏறியது. மணிக்கூண்டு நிழலில் அக்கா எலுமிச்சை ஜூஸ் குடித்தாள். ருசியாக இருந்ததால் இன்னொன்றும் குடித்தாள். பிறகு கூண்டின் மேலே ஏறி, இறங்கி, கீழே வந்ததும் அவளும் தம்பி மனைவியும் ஏதோ காதோடு காதாகப் பேசினார்கள். மனைவி கணவனிடம் தணிந்த குரலில் சொல்ல வருவதற்குள் மகள் அறிவித்தாள்:

“அத்தைக்கு அவசரமா பாத்ரூம் போகணுமாம்.”

வரைபடக்காரரின் முகம் மலர்ந்தது. உறவினரின் துன்பத்தில் இவ்வளவு மகிழ்ந்த மனிதரை அந்த மணிக்கூண்டு பார்த்திருக்காது. வரைபடத்தை உதறி விரித்தார். ஆணும் பெண்ணும் விறைப்பாக நின்றிருந்தார்கள்.

“இதோ. மேட்டுத் தெருவில. என் பின்னாலயே வாங்க.”

“மேடா?” என்றாள் அக்கா.

“ரெண்டே நிமிஷம்.”

மேடு செங்குத்தாக இருந்தது. அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் நடந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். கடைசியில், படத்தில் சொன்ன முனைக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு சலூன் இருந்தது. கண்ணாடிக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: “இது முடி திருத்தும் நிலையம். வேறு எதற்கும் உள்ளே வராதீர்கள்.” அதன் கீழே, பிற்பாடு சேர்த்த சிவப்பு எழுத்தில்: “அவசரமானாலும்.”

சலூன்காரர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, “டாய்லெட்தானே?” என்றார்.

“இங்க ஒண்ணு இருக்கணுமே,” என்றார் வரைபடக்காரர்.

“இருக்கணும்தான் சார். எங்கயாவது இருந்துதான் ஆகணும். இங்க இல்ல.”

“படத்துல போட்டிருக்கே.”

“போட்டிருக்கான். அதான் என் தலையெழுத்து. போன வாரம் ஒரு பஸ்சே வந்து நின்னுச்சு. கதவு வரைக்கும் வரிசை. கடை தொறந்து பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒரு நாளான்னு நான் பூரிச்சுப்போய் எல்லா சீப்பையும் கழுவி வச்சேன்.”

அக்கா முன்னால் வந்தாள். “அண்ணே, இனிமே என்னால கீழ இறங்கித் தேட முடியாது. மாடியில வீடுதானே?”

சலூன்காரர் அவளைப் பார்த்தார். அவள் நின்ற விதத்தைப் பார்த்தார். “மேல போங்கம்மா, வீட்டுக்காரி இருப்பா. ஆனா ஒண்ணு. எல்லாருக்கும் விட்டா கட்டுப்படி ஆகாது. கடைக்கு வேலை குடுக்கறவங்க வீட்டாளுங்களுக்குத்தான்.”

“உட்காருடா,” என்றாள் அக்கா தம்பியிடம். அவர் நேற்றுத்தான் ஷேவ் செய்திருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா படியில் ஏறிவிட்டாள்.

கழுத்தைச் சுற்றித் துணி இறுகியது. முகத்தில் நுரை ஏறியது. சலூன்காரர் கத்திக்குப் புது பிளேடு மாட்டினார்.

“சார், எனக்கு வாழ்க்கையில ஒரே ஆசைதான். இந்தப் படத்தை வரைஞ்சவன் ஒரு நாள் இந்த நாற்காலியில வந்து உட்காரணும்.”

பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்த மகள் ஆட்டுவதை நிறுத்தினாள். “உட்கார்ந்தா என்ன பண்ணுவீங்க, அங்கிள்?”

“ஒரு பக்க மீசையை மட்டும் எடுத்துட்டு அனுப்பிடுவேன் பாப்பா. அவன் செஞ்ச வேலை மாதிரியே அவனும் அரைகுறையா அலையட்டும்.”

மகள் கண்ணாடியில் அப்பாவின் மீசையை ஆர்வத்தோடு பார்த்தாள். மனைவி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தலைமுடி எண்ணெய் விளம்பரத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

“பேரு வேற போட்டிருக்கான் பாருங்க, கல்யாணப் பத்திரிகை கணக்கா, தங்கக் கலர்ல,” என்றார் சலூன்காரர், கத்தியைத் தொண்டையில் வைத்தபடி. “சார் என்ன வேலை பாக்கறீங்க?”

“படம்... சின்னச் சின்னதா படம் போடுவேன்.”

“நல்ல தொழில். யாருக்கும் கெடுதல் இல்ல. ஆடாதீங்க.”

ஆடாமல் இருந்தபோதுதான் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வரைபடம் அச்சுக்குப் போவதற்கு முந்தின மாலை. எல்லாம் முடிந்து, பெயர்க் கட்டத்தைக் கீழ் மூலையில் பொருத்திப் பார்த்தார். சிறியதாகத் தெரிந்தது. கொஞ்சம் பெரிதாக்கினார். அப்போது அங்கே ஏற்கெனவே நின்றிருந்த ஒரு ஜோடி இடித்தது. கட்டத்தைச் சிறிதாக்க மனம் வரவில்லை. ஜோடியை ஒரு நகத்தின் அளவு மேலே தள்ளி வைத்தார். ஆணும் பெண்ணும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. காகிதத்தில் ஒரு நகம். தரையில் அது இரண்டு தெரு, போதாக்குறைக்கு மேடு.

அக்கா நிதானமாக இறங்கி வந்தாள். அதற்குள் மாடியில் டீ குடித்து, சலூன்காரர் மனைவிக்கு நாத்தனார் முறையாகி, பழைய புடவையைத் திரைச்சீலையாக்கும் வித்தையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

“உங்க தம்பி என்னமோ படம் போடுவாராமே?” என்றார் சலூன்காரர். “என்ன படம்மா?”

அக்கா கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். நுரைக்கு மேலே இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. ஆறு வயதில், பின்வாசலில், இதே கண்களைத்தான் அவள் கண்டுபிடித்தாள். மகள் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள். விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்த மனைவியும் அந்த வரியிலேயே நின்றாள்.

“சின்ன வயசுலேருந்தே கிறுக்குவான் அண்ணே,” என்றாள் அக்கா. “செவுத்துல கிறுக்கி அடி வாங்குவான். இப்ப எதுல கிறுக்கறானோ, யாரு கண்டா.”

மீசை இரு பக்கமும் தப்பியது.

கூலியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மகள் அப்பாவின் சட்டையை இழுத்தாள். “இப்ப எனக்கு.” மறுபடி மாடிக்குப் போக வேண்டுமென்றால் மறுபடி ஒருவர் உட்கார வேண்டும். அக்கா கதவுக்குள் தலையை நீட்டினாள். “அண்ணே, நிஜ டாய்லெட் எங்கதான் இருக்கு?”

“இறக்கத்துல ரெண்டு தெரு தள்ளி, மீன் மார்க்கெட்டுக்கு எதிர்ல. ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே.”

“நான் கேட்கலை,” என்றார் வரைபடக்காரர் அவசரமாக. “பந்தயப்படி நான் யார்கிட்டயும் வழி கேட்கலை.”

“நீ எங்கடா கேட்டே. கேட்டது நான்தான். நீ நல்லபடியா இரு.”

மீன் மார்க்கெட்டுக்கு எதிரே, ரோஸ் நிறச் சுவரோடு, வாசலில் இரண்டு தொட்டிச் செடிகளோடு அது இருந்தது. மணிக்கூண்டுப் படியிலிருந்து கல்லை விட்டெறிந்தால் விழுகிற தூரம். மனைவியும் மகளும் உள்ளே போனார்கள். வரைபடக்காரர் வரைபடத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப்பைக்குள் திணிக்கப் போனார்.

அக்கா கையை நீட்டினாள். “குடு.”

“எதுக்குக்கா? வீட்டுலதான் மாட்டியிருக்கே.”

“குடுடா.”

கொடுத்தார். அக்கா அதைக் கட்டைச்சுவரில் விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மணிக்கூண்டைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து விரலை நகர்த்தி மீன் மார்க்கெட்டுக்கு வந்தாள். மார்க்கெட்டிலிருந்து எதிர்ப்பக்கம் தெருவைக் கடந்தாள். விரல் நின்றது. அவள் ரோஸ் சுவரைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், அப்புறம் தம்பியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பந்தயத்துல நீ ஜெயிச்சிட்டேடா,” என்றாள்.

“விளையாடாதேக்கா.”

“சத்தியமா. இனிமே உன்னைத் தொலைஞ்சான்னு கூப்பிட மாட்டேன். குட்டியும் கூப்பிட மாட்டா, நான் சொல்லி வைக்கறேன். எங்க இருக்கேன்னு நீயே கட்டம் கட்டி, தங்கக் கலர்ல எழுதி வச்சிருக்கே. இனி எவன் வேணா வந்து கண்டுபிடிச்சுக்கலாம்.”

அவர் குனிந்து பார்த்தார். அக்காவின் விரல் அவருடைய பெயரின் முதல் எழுத்தின் மேல் இருந்தது. கழிப்பறை அதற்கு நேர் அடியில் இருந்தது.