சாரம்மாளின் பெருவிரல்

1

இந்தக் கதை ஸ்ரீவைகுண்டத்து நண்பர் ஒருவர் சொன்னது என்றுதான் முதலில் தொடங்கியிருந்தேன். பொய். சாரம்மாள் என் அக்கா. வாழைத்தோட்டத்து ஈரத்தில் நின்றே வேலை பார்த்தவள், சர்க்கரை நோய்க்காரி. அவள் கால் பெருவிரலில் புண். விரலை எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கதை.

2

உடம்பின் மிகச் சிறிய ரத்தக்குழாய்களுக்குத் தந்துகி என்று பெயர். (பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. இப்போதுதான் புரிகிறது.) அதற்குள் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு நகரும். அவசரமே கிடையாது. சுவர் அவ்வளவு மெல்லியது. பிராணவாயு வெளியே கசியும், கழிவு உள்ளே வரும். யாரும் கதவைத் திறப்பதில்லை. நானும் அந்த வரிசையில் நின்று, இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் மிதந்தபடி, அக்காவின் விரலை நோக்கி

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். எழுத எழுத எனக்குச் சுகமாக இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.)

3

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் வினோலியா காலைப் பிடித்துப் பார்த்தார்.

"கணுக்கால்ல நாடி நல்லா இருக்கு. விரலுக்குள்ள ரத்தம் எறங்குதான்னு பாக்கணும். அமுக்குனா வெளுக்கணும், விட்டா ஒடனே செவக்கணும். இப்படி மருதாணிய அப்பி வச்சிருந்தா நான் எதப் பாக்க?"

சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவே பூசிக்கொண்டதாக முதல் படியில் எழுதியிருந்தேன்.*

* நான்தான் பூசினேன். "கூசுதாக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுந் தெரியலலே" என்றாள். அப்போதே பயந்திருக்க வேண்டும். இன்னொரு உருண்டை எடுத்து அப்பினேன்.

4

"வாய்க்கால் நெறையப் போனா போதுமா டாக்டரம்மா? வேருக்கு எறங்கணும்லா" என்றாள் அக்கா, ஏதோ அடுத்த வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள். "ஏலே ஜோஷுவா, நீ ஏம்லே அழுவுத? நல்லதுக்குத்தான பூசுன?"

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா பத்து விரலோடு தோட்டத்துக்குப் போகிறாள். மற்றதை அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். விரலின் அடிப்பக்கம், மருதாணி பிடிக்காத ஓர் இடம், துவரம்பருப்பு அளவுக்கு, டாக்டர் கண்ணில் பட்டது. அமுக்கினார். வெளுத்தது. கையை எடுத்துவிட்டார்.

அந்த வெளுப்பிலேயே கதையை நிறுத்துகிறேன். இரண்டு மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டுமாம். எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் எண்ணுங்கள். கொஞ்சம் பைய எண்ணுங்கள்.