ரயில் கூரையில் ஒரு சிரிப்பு

வரிசை ரொட்டிக் கடையைத் தாண்டி நீண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம், பிரன்ஸ்விக் கடைத்தெருவில், ஒரு பழைய படத்தின் டிவிடிக்கா இத்தனை கூட்டம் என்று டிராமில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

படத்தின் பெயர் 'துரு நிலா'. எண்பத்தாறில் வெளியானபோது மெல்போர்னில் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. ப்ரோக்கன் ஹில்லின் செம்மண்ணைச் செவ்வாய்க் கிரகம் என்று காட்டியிருந்தார்கள். ரோபோக்கள் தண்ணீர்த் தொட்டித் தகரம். சண்டைகள் மட்டும் நிஜம். வீடியோ கேசட் காலத்தில் அதற்கென்று ஒரு பக்தர் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டம்தான் இப்போது சிறப்புப் பதிப்பு வாங்க நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்.

மேசைக்குப் பின்னால், பெட்டிகளில் கையெழுத்துப் போட்டபடி, மெரன் டல்லக். கீறலும் பூஞ்சையுமாக வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துத் துடைத்துப் புதிதாக்கியவள். அவள் முன்னால் 'எங்கள் டாக்டர்' என்று அட்டை எழுதி வைத்திருந்தான் டெஸ். டிஸ்க்கை வெளியிட்ட குட்டிக் கம்பெனிக்கு அவன்தான் முதலாளி.

"மண்ணு ரொம்ப ஆரஞ்சா இருக்கே?" என்றான் தகர ஹெல்மெட் மாட்டிய ஒருவன்.

"செவ்வாய்க்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. மாத்திடறேன்."

வரிசை சிரித்தது. ஹெல்மெட் நகர்ந்தது. அடுத்து ஒரு உயரமான கிழவர். தொப்பி கையில். பக்கத்தில் இருபது வயதுப் பெண். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டியை மேசையில் வைத்தார். அதன்மேல் ஒரு பழைய கேசட்டையும் வைத்தார்.

"ஏம்மா, ரயில் கட்டம் இதுல இருக்குல்ல? வெட்டிடலையே?"

"ஒரு ஃபிரேம்கூட விடலை. பழசைவிடப் பளிச்சுனு இருக்கும்."

"கேட்டுட்டீங்களா? திருப்தியா?" என்றாள் பெண். மெரனிடம் திரும்பினாள். "ஊர்ல இருந்து வர்ற வழியில டிக்கெட் பரிசோதகர்கிட்ட கூட இதையே கேட்டாருங்க. அந்த ஆளு பயந்துட்டான்."

கிழவர் அதைக் காதில் வாங்கவில்லை. "என் பேரு நெவில் ரடக். ப்ரோக்கன் ஹில். இவ லியான், என் பொண்ணு. அந்த ரயில் மேல குதிக்கிறது இவளோட அம்மா."

மெரனின் பேனா நின்றது.

அந்தக் கட்டம் தெரியாதவர்கள் அந்த வரிசையில் கிடையாது. கதாநாயகி ஓடும் லாரியிலிருந்து ரயில் கூரைக்குத் தாவுகிறாள். தாவியது கதாநாயகி இல்லை, அவளுக்குப் பதிலாக ஒரு சண்டைக் கலைஞி. அப்படிப்பட்டவர்கள் முகத்தைக் காட்டவே கூடாது. இவள் கூரையில் விழுந்து எழுந்ததும் நேராகத் திரும்பி, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு சிரித்தாள். மறுபடி எடுக்க ரயிலும் இல்லை, பணமும் இல்லை. அப்படியே படத்தில் சேர்த்துவிட்டார்கள்.

"கெய்லீன் அடுத்த வருஷமே போயிட்டா," என்றார் நெவில். "மெனிண்டி ரோட்டுல, கங்காரு குறுக்கே வந்து. இவளுக்கு அப்ப நடக்கக்கூடத் தெரியாது. போட்டோ இருக்கு. ஆனா அவ அசைஞ்சு, சிரிச்சுன்னு இருக்கறது இந்த ஒரு செகண்டுதான். அங்க நிறுத்தி நிறுத்திப் பார்த்து டேப்பு தேஞ்சே போச்சு. இப்ப அந்த இடம் வந்தா வெறும் புள்ளி மழை."

"தேயறதுக்கு முன்னாடி மட்டும் என்ன?" என்றாள் லியான். "ஒரு வெள்ளைத் தீற்றல். அதோ கண்ணு, அதோ பல்லுன்னு இவர் காட்டுவாரு. நானும் தெரியுது தெரியுதுன்னு சொல்லுவேன்."

"தெரியலையா உனக்கு?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தா வேற என்னப்பா சொல்றது?"

நெவில் கொஞ்ச நேரம் மகளையே பார்த்தார். பிறகு பெட்டியைத் தட்டினார். "சரி. இன்னிக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை."

அந்த முகம் இப்போது படத்தில் இல்லை.

ரசிகர்கள் தொகுத்த தவறுகளின் பட்டியலில் அந்தச் சிரிப்புக்குத்தான் முதலிடம். டைரக்டர் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து போன் போட்டு, "என் மானத்தை வாங்கற அந்தப் பல்லை முதல்ல எடு" என்றார். மெரன் எடுத்தாள். கதாநாயகியின் முகத்தை வேறொரு காட்சியிலிருந்து கத்தரித்து, ஒவ்வொரு ஃபிரேமாக, வெயிலும் தூசியும் பொருந்தும்படி ஒட்டினாள். ஒட்டு எங்கே என்று அவளுக்கே தெரியாத வேலை. அன்றைக்கு டெஸ் கேக் வாங்கி வந்து வெட்டினான்.

"ரயில்! ரயில் வருதுடா!"

கடையின் நடுவில் பெரிய டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் முண்டியடித்து உள்ளே வந்தார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் படத்தை எங்கே போட்டாலும், ரயில் கூரையில் அவள் திரும்பும்போது எல்லோரும் கை தூக்கி, "வாம்மா, சௌக்கியமா?" என்று கத்துவார்கள். கேலியாக ஆரம்பித்த கூத்து. போகப் போக, அவளைப் பார்க்காவிட்டால் படம் பார்த்த மாதிரியே இருக்காது என்றாகிவிட்டது.

"க்யூவில சொன்னாங்க," என்றாள் லியான், கண் மின்ன. "அத்தனை பேரும் அம்மாவுக்குக் கை காட்டுவாங்களாம். அதைக் கேட்டதுலேர்ந்து அப்பா கையைத் தயாரா வெச்சிருக்காரு."

மெரன் எழுந்து டெஸ்ஸிடம் ஓடினாள். "நிறுத்து. படத்தை நிறுத்து."

"லூசா நீ? உன் கைவண்ணம் இப்பத்தான் வரப் போகுது!" டெஸ் சத்தத்தைக் கூட்டினான்.

ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திரும்பிப் போய்க் கிழவரிடம் உண்மையைச் சொல்லவும் நேரம் இருந்தது. மெரன் இரண்டையும் செய்யவில்லை. இந்த இரைச்சலில் அவர் கவனிக்காமல் போகலாம், அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டு நின்ற நேரத்தைப் பின்னால் அவள் எத்தனையோ தடவை திரும்பக் கேட்டிருக்கிறாள். யார் தருவார்கள்?

லாரி வந்தது. கெய்லீன் தாவினாள், விழுந்தாள், எழுந்தாள். கடை முழுக்கக் கைகள் உயர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, தொப்பி பிடித்த நெவிலின் கை.

"வாம்மா, சௌ..."

கூரைமேல் நின்றது கதாநாயகி. உதடு மூடி, வீரமாக, அடிவானத்தைப் பார்த்தாள். ரயில் போய்விட்டது.

"யப்பா, என்ன வேலைடா இது!" என்று ஒருவன் கைதட்டினான். "அட, நம்மாளை எங்கடா காணோம்?" என்றான் ஹெல்மெட். ஒவ்வொரு கையாக இறங்கியது. நெவிலின் கை கடைசியில்தான் இறங்கியது.

"யாரும்மா இது?" என்று மெரனைக் கேட்டார்.

மெரன் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. "தப்பைத் திருத்தறதா நினைச்சு செஞ்சேங்க."

"தப்புதான்," என்றார் நெவில். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் மெரனால் தாங்கியிருக்க முடியும். "ஆனா அவ மேல இல்லை. அன்னிக்கு அவளுக்குப் பாதுகாப்புக் கயிறு கட்டினது நான். கேமராவுக்குப் பக்கத்துல நின்னேன். விழுந்த விழுகையைப் பார்த்து பதறிப் போய், உசிரோட இருக்கியாடின்னு கத்திட்டேன். அதுக்குத்தான் திரும்பினா. கேமராவைப் பார்த்து அவ எங்க சிரிச்சா?"

லியான் இதை இதுவரை கேட்டதில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"பழைய ஃபிலிம் இருக்கும்ல?" என்றாள் அவள், அவசரமாக. "அதுலேர்ந்து திரும்ப எடுத்துடலாம்ல?"

மெரன்தான் பதில் சொன்னாள். அந்த ரீல் புளித்துப்போயிருந்தது, பழைய ஃபிலிமுக்கு வரும் நோய். டப்பாவைத் திறந்தாலே வினிகர் நெடி மூக்கில் ஏறியது. கூட இருந்தால் மற்ற ரீல்களும் கெடும் என்று, கம்ப்யூட்டரில் ஏற்றியதும் குப்பையில் போட்டார்கள். ஏற்றியதையும் வேலை முடிந்ததும் அழித்தார்கள், அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமே. இந்தத் தொழிலில் அதுதான் பழக்கம். அழிக்கும் பொத்தானை அழுத்தியது மெரனின் விரல்.

லியான் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கப்பா, போலாம்."

அப்போதுதான் மெரனுக்கு ஞாபகம் வந்தது. "இருங்க! ரெண்டாவது டிஸ்க்ல இருக்கு. பாதி."

கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன டிவி. இரண்டாவது டிஸ்க்கில் 'முன்னும் பின்னும்' என்று ஒரு துண்டுப் படம் இருந்தது. திரையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் பழையதும் வலப்பக்கம் துடைத்ததும். மெரன் பெருமையாகத் தொகுத்தது. ரயில் கூரையை எடுத்துக் காட்டாமல் இருப்பாளா? ஓடவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தினாள்.

இடப்பக்கம் கெய்லீன். தூசி படிந்த புருவம், இடுங்கிய ஒரு கண், வாயின் ஒரு பாதியில் ஊரே கேட்கும் சிரிப்பு. ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கதாநாயகியின் மூடிய உதடு. அடியில், மஞ்சள் எழுத்தில், மெரன் தன் கையால் அடித்த இரண்டு வார்த்தைகள். அவற்றை அவள் மறந்தே போயிருந்தாள். வலப்பக்கம் 'திருத்தம்'. கெய்லீனின் தாடைக்குக் கீழே 'தவறு'.

வெளியே கூட்டம் எதற்கோ சிரித்தது.

லியான் மண்டியிட்டு, உள்ளங்கையால் கதாநாயகியின் பாதியை மூடினாள். நெவில் குனிந்து, தொப்பியை அந்த மஞ்சள் எழுத்தின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பல்லு தெரியுதுப்பா."

"நிஜமாவா?"

"நிஜமா. ஒண்ணு லேசா கோணல். எனக்கு இருக்கற மாதிரியே."

மெரன் ரிமோட்டைப் பிடித்தபடி சுவரோடு நின்றாள். டேப் மாதிரி டிஸ்க் தேயாது. எத்தனை நேரம் நிறுத்தி வைத்தாலும் இந்தப் பாதி இப்படியே இருக்கும். அவள் ஒட்டிய அந்தப் பாதியும்தான்.