வீட்டு ஆம்பளை கையால்

"மகாமுனி எப்போ வரும்?" என்று செயின் மியா கேட்டாள். பஸ் அப்போது எங்கள் ஊர் மோன்யுவாவின் எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

"மொதல்ல அரண்மனை, அப்புறம் தேக்கு மடம், அப்புறம் சாப்பாடு. மகாமுனி அதுக்கப்புறம்தான் அக்கா," என்றான் நே லின். அவன்தான் எங்கள் வழிகாட்டி. முன்சீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டியதையும் மைக்கில்தான் சொல்வான். ஒரே நாளில் மாண்டலே, ராஜாவையும் மகாமுனி புத்தரையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுச் சாப்பாடு என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி எங்களை ஏற்றியிருந்தான். பஸ் நிறையப் பெண்கள். ஆண் என்று பார்த்தால் டிரைவர், நே லின், அப்புறம் செயின் மியாவின் வீட்டுக்காரர் ஊ பா தின். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்கு யாரோடும் சம்பந்தமில்லை என்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்க்கெட்டில் என் கருவாட்டுக் கடைக்கு அடுத்தது அவளுடையது. தின்பதற்கு ஊறவைத்த தேயிலை, அதில் கலக்க வறுத்த பருப்பு, பூண்டு. மேலே 'டோ செயின் மியா தேயிலை' என்று பச்சைப் போர்டு. ஆணுக்கு 'ஊ' போல, பெண்ணுக்கு மரியாதைக்கு 'டோ'. போன வருஷம் அவள் மகள் திரிக்குப் பிரசவத்தில் சிக்கலாகி, இரண்டு உயிரில் ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னபோது, இவள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். இரண்டும் பிழைத்தால், என் வீட்டு ஆம்பளை கையால் மகாமுனிக்குத் தங்கத்தாள் ஒட்டுகிறேன் என்று. இரண்டும் பிழைத்தன. தங்கம்தான் இன்னும் ஒட்டியபாடில்லை.

"எதுக்கு அப்படி வேண்டிக்கிட்டே?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"மகாமுனி மேடையில பொம்பளை ஏறக் கூடாதே அக்கா. நான் ஒட்டறேன்னு பகவான்கிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

"யாராவது ஒரு ஆம்பளைன்னு சொல்லி வெச்சிருக்கலாம்."

"வீட்டுல ஒருத்தரை வெச்சுக்கிட்டு வெளியாளைத் தேடுவாங்களான்னு ஒரு ரோஷம். வாயில வந்துடுச்சு."

அந்த ஒருத்தருக்குத் தை மாதம் முழங்கால் வலி. அப்புறம் வெயில். அப்புறம் மழை. நடுவில் டிவியில் கால்பந்து. குழந்தைக்கோ மாதம் தவறாமல் காய்ச்சல். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் செயின் மியாவின் முகம் ஒரு சுற்று சுருங்கும். "நேர்த்திக்கடன் நிக்குது அக்கா, அதான்," என்பாள். மழைக்கால நோன்பு தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்றுதான் இந்த பஸ்ஸில் அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். திரியும் குழந்தையும் கூட வந்திருந்தார்கள். மருமகன் மலேசியாவில் இருந்தான். அவனைத் தூக்கிப்போட பஸ் கிடையாது.

பா தினைப் பற்றி நானாக எதுவும் சொல்லப் போவதில்லை. கூட்டுறவு ஆபீசில் ஒரு நாற்காலியைப் பல வருஷம் சூடாக வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஆண்பிள்ளை என்றால் கூடப் பிறந்த மகிமை ஒன்று உண்டல்லவா, அதைக் காப்பாற்றுவதுதான் இப்போது முழுநேர வேலை. அவர் லுங்கி காயும் கொடியில் மனைவியின் துணி காயக் கூடாது. அவர் தலைமாட்டில் அவள் கால் நீட்டக் கூடாது. அந்தத் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவது மட்டும் அவளேதான். அதில் மகிமைக்கு ஒன்றும் குறையாதாம்.

அரண்மனையில் இறங்கியதும் வரிசையாகச் சிவப்புக் கட்டடங்கள்.

"இதெல்லாம் ராஜா காலத்ததா தம்பி?" என்று ஒரு பெரியம்மா கேட்டாள்.

"இல்ல பெரியம்மா. அதெல்லாம் யுத்தத்துல எரிஞ்சு போச்சு. இது அப்புறம் கட்டினது."

"கூரை தகரம் மாதிரி இருக்கே."

"தகரம்தான்."

"எங்க வீட்டுலயும் தகரம்தான். அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?"

நே லின் அசரவில்லை. "நிஜ அரண்மனையில மிஞ்சினது ஒரே ஒரு கட்டடம். பெரிய ராஜா அதுலதான் செத்தார். அபசகுனம்னு மகன் அதைப் பிரிச்சு வெளிய அனுப்பிட்டான், அதைத்தான் மடமாக்கினாங்க. நாம அடுத்துப் பார்க்கப் போறது அதைத்தான்."

"ஆக, வேண்டாம்னு தள்ளினது பொழைச்சுது," என்றாள் செயின் மியா. பா தின் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

சிம்மாசன மண்டபத்தில் ராஜா பொம்மையும் ராணி பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. வெளியே ஒருவன் ராஜா உடுப்பை வாடகைக்குக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். முழங்கால் வலிக்காரர் வேகமாகப் போய் முதல் ஆளாக நின்றார். சரிகைச் சட்டை, அட்டைக் கிரீடம், கையில் வாள்.

"ராஜா, வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுங்க," என்றான் போட்டோக்காரன்.

"இழுத்துத்தான் இருக்கேன்," என்றார் பா தின். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என் ராணி எங்கே? கீழ வந்து உக்காரச் சொல்லு, ஒரு போட்டோ."

"ராணி வாந்தி துடைச்சிட்டிருக்கா," என்றாள் செயின் மியா. பஸ் ஆட்டத்தில் குழந்தை திரியின் தோளெல்லாம் நனைத்துவிட்டிருந்தது. மாற்று உடுப்பும் நனைந்துபோக, தன் பேத்திக்காக வாசலில் வாங்கிய ரோஸ் கலர் கவுன் ஒன்றை அந்தத் தகரக்கூரைப் பெரியம்மா எடுத்துக் கொடுத்தாள். பையனுக்கு அது பாந்தமாகவே இருந்தது.

பா தின் உடுப்பைத் திருப்பிக் கொடுத்தார். ராஜாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடத்தில் பின்னால் கைகட்டி நடந்தார். சாப்பாட்டில் மீன்குழம்பு ஆறிவிட்டது என்று மேஜையைத் தட்டினார். மகாமுனிக் கோயிலுக்குப் போகும் கடைவீதியில், செயின் மியா தங்கத்தாள் கட்டுகளை வாங்கிப் பையில் பத்திரப்படுத்தித் திரும்புவதற்குள், ஒரு டீக்கடையில் போய்க் காலை அகட்டி உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க. டீ அப்புறம் குடிக்கலாம்," என்றாள்.

"முதல்ல ஒரு விஷயம் முடிவாகட்டும்."

"என்ன விஷயம்?"

"கடை போர்டு."

"போர்டுக்கு என்ன? போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சோம்."

"பெயின்ட் இல்ல. பேரு. 'ஊ பா தின் தேயிலை'ன்னு இருக்கணும்."

செயின் மியா என்னைப் பார்த்தாள். நான் அடுத்த கடையில் தொங்கிய பொம்மைகளைப் பார்த்தேன்.

"தேயிலையைத் தின்னதைத் தவிர அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"குடும்பத்தலைவன் பேர்தான் போர்டுல இருக்கணும். ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா?"

"தேயிலைக்காரி வீட்டுக்காரர்."

"அதான். சரின்னு சொல்லு, எழுந்து வரேன். மேடையில ஏறப் போறது நான்தானே? ஏற முடிஞ்சா நீயே போய் ஏறிக்கோ."

"அது அம்மா வெச்ச கடை. சாகறதுக்கு முன்னால என் பேரை எழுதச் சொல்லிட்டுப் போனாங்க."

"அப்போ உங்க அம்மாவையே வந்து தங்கம் ஒட்டச் சொல்லு," என்றார். சொல்லிவிட்டு டீயை ஊதினார்.

அவள் பையை மாட்டிக்கொண்டு திரும்பினாள். நாங்கள் உள்ளே போனோம்.

உள்ளே போனோம் என்றால், பெண்கள் போகக்கூடிய உள். பாயில் உட்கார்ந்தால் தூரத்தில் மகாமுனி. ஒட்டி ஒட்டி உடம்பெல்லாம் தங்கக் கட்டி கட்டியாய், முகம் மட்டும் வழவழவென்று. மேலே நடப்பது தெரிய எங்களுக்கென்று டிவி வைத்திருக்கிறார்கள். புருஷன்மார் ஏறி ஒட்டுவதைப் பெண்டாட்டிமார் டிவியில் பார்த்துக் கும்பிடுவார்கள். தங்கம் வாங்கிய காசு யாருடையது என்பது டிவியில் தெரியாது.

நே லின் பெண்களிடமிருந்து தங்கத்தாள்களை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். "யாருக்கு நெஞ்சு, யாருக்குத் தோள்? சொல்லிடுங்க, மேல போய்க் குழம்பிடும்." அவனுக்கு இது வாரம் தவறாத வேலை. ஊர்ப்பட்ட பெண்களின் புண்ணியத்தை இந்த ஒரு கைதான் ஒட்டித் தீர்க்கிறது.

"அக்கா, உங்களோடது?"

"வேண்டாம் தம்பி. வெளியாள் கை ஆகாது."

"மாமா வரலையா?"

"டீ குடிக்கறார்."

"பஸ்ஸை ரொம்ப நேரம் நிறுத்த விட மாட்டாங்க அக்கா," என்றான். முதல் தடவையாக மைக் இல்லாமல் பேசினான்.

"அம்மா, இவர்கிட்டயே குடுத்துடு," என்றாள் திரி. "பகவானுக்குப் புரியாதா?"

"பகவானுக்குப் புரியும். நான் சொன்ன வார்த்தை எனக்கும்தானே புரியுது." குழந்தையின் கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். "மறுபடி சுடுது பாரு." பிறகு என் பக்கம் சாய்ந்து, "அக்கா, ஒரு பலகைதானே? பேரு யாரோடதா இருந்தா என்ன. தேயிலை அதே தேயிலைதானே. போய்ச் சரின்னு சொல்லிடட்டுமா?"

"உன் இஷ்டம்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"இன்னைக்குப் போர்டு கேக்கறார். அடுத்த நேர்த்திக்கு என்ன கேப்பார்னு நினைக்கறேன்."

அவள் எழுந்துவிட்டாள். செருப்பில்லாத காலோடு இரண்டு அடி போனாள், நின்றாள். அந்த நேரத்தில் குழந்தை தன் காரியத்தை முடித்திருந்தது. "ஐயோ, இங்கயா," என்று திரி கவுனைத் தூக்கி ஈரத்துணியை அவிழ்த்தாள். அவன் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு காலையும் வானத்துக்கு உதைத்தான். செயின் மியா குனிந்து பார்த்தாள். பாட்டி பேரனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. மார்க்கெட்டில் மூட்டையைப் பிரித்துச் சரக்குப் பார்க்கிற பார்வை.

"திரி, துணி கட்டாதே."

"என்னம்மா?"

"கட்டாதேன்னேன். இவன் எங்கே தூங்கறான்?"

"நம்ம வீட்டுலதான். என்ன கேக்கறே?"

"எங்க வீட்டு ஆம்பளைதானே இவன்?" என்று எங்கள் எல்லோரையும் கேட்டாள்.

பாயிலிருந்த தலைகளெல்லாம் குழந்தை பக்கம் திரும்பின. அப்புறம் தகரக்கூரைப் பெரியம்மா, "பார்த்தாலே தெரியுதே," என்றாள்.

நே லின் குழந்தையை வாங்கிக்கொண்டான். தங்கத்தாள் முழுவதையும் அவள் அவன் பையில் போட்டாள். "கை அவனோடதா இருக்கணும் தம்பி. நீ தூக்கிக்கறதோட சரி."

மேடைப் படியில் ஒரு காவல்காரர். ரோஸ் கலர் கவுனைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார்.

"பொண்ணு ஏறக் கூடாது."

"பையன் அண்ணே."

"கவுன் போட்டிருக்கே."

"இரவல் கவுன்."

காவல்காரர் நம்பவில்லை. அவர் வேலை அது. அறுபது வயதுப் பெண்ணானாலும் ஆறு மாதப் பெண்ணானாலும் அவரைத் தாண்டக் கூடாது. நாங்கள் அத்தனை பேரும் பாயிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தோம்.

"தூக்கிக் காட்டு தம்பி," என்று செயின் மியா இங்கிருந்தே குரல் கொடுத்தாள். "டிக்கெட் அங்கதான் இருக்கு."

நே லின் தூக்கிக் காட்டினான். காவல்காரர் பார்த்தார், தலையாட்டினார், மரியாதையாக விலகி வழிவிட்டார்.

டிவியில் பார்த்தோம். முதல் தாளைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளப் போனான். நே லின் மணிக்கட்டைப் பிடித்து மகாமுனியின் முழங்காலில் வைத்தான். ஒட்டிக்கொண்டது. அடுத்தது, அடுத்தது. பிறகு அவனுக்கே விளையாட்டுப் பிடித்துப்போய்ப் பகவானைப் பட்பட்டென்று தட்டினான். செயின் மியா கைகூப்பி, நெற்றி தரையில் பட விழுந்தாள். மூன்று தடவை விழ வேண்டும். மூன்றாவது தடவை அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. எழுந்தபோது கண்ணீரைத் துடைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டது போலத்தான் இருந்தது.

பா தின் வந்தது அப்போதுதான். மனைவி கெஞ்ச வருவாள் என்று இரண்டு டீ காத்திருந்து பார்த்திருப்பார் போல.

"சரி, கொண்டா," என்றார். "போர்டு விஷயத்தை வீட்டுல பேசிக்கலாம். ஒட்டிட்டு வந்துடறேன்."

"முடிஞ்சிடுச்சு."

"என்ன முடிஞ்சிடுச்சு? யார் ஒட்டினா?"

"உங்க பேரன்."

அவர் டிவியைப் பார்த்தார். அங்கே வேறு யாரோ ஒரு புருஷன் ஒட்டிக்கொண்டிருந்தான். "அவனா? அவனுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாத குழந்தை. அது செல்லாது."

"விவரம் தெரியணும்னு அங்க எங்கயும் எழுதலையே. ஆம்பளையா இருக்கணும்னுதானே எழுதியிருக்கு."

பாயில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"வீட்டுத்தலைவன் நான்," என்றார் குரலைத் தாழ்த்தி.

"நீங்கதான். ஆனா போர்டுல வீட்டு ஆம்பளை பேர் எழுதணும்னா, இப்போ அவன் பேரைத்தான் எழுதணும். நேர்த்தியை முடிச்சவன் அவன். அதுக்கு என் பேரே இருந்துட்டுப் போகட்டும்."

"இதெல்லாம் ஊர்ல போய்ப் பேசிட்டிருக்காதே."

"நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்," என்றாள். எங்கள் பக்கம் கையைக் காட்டினாள். பஸ்ஸில் வந்த அத்தனை பெண்களும் டிவியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நே லின் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குழந்தையோடு இறங்கி வந்தான். அவன் சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். "அக்கா, மேல ஏறினப்போ ஒண்ணுமில்ல. இறங்கும்போது ரெண்டாவது தடவை."

திரி கையை நீட்டினாள். செயின் மியா அவள் கையை இறக்கிவிட்டாள்.

"தாத்தாகிட்ட குடு தம்பி."

பா தின் வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை, நே லின் ஏற்கெனவே கையை விட்டுவிட்டான். குழந்தையை உடம்பில் படாமல் ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை தங்கம் ஒட்டிய விரல்களால் அவர் மூக்கைப் பிடித்தான்.

"இவனை எங்கே கழுவறது?" என்றார்.

"ஆம்பளைங்க பக்கத்துல குழாய் இருக்கு," என்றாள் செயின் மியா. "அங்கெல்லாம் நாங்க வரக் கூடாது."