பேட்டரிக்கு அபிஷேகம்

முத்தமிழ்செல்வன் குவைத்திலிருந்து திரும்பி வந்து செய்த ஒரே காரியம், பழைய வேன் ஒன்றை வாங்கி அதற்குள் ஒரு வீட்டைக் கட்டியதுதான். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஃபேன், கூரைமேல் சோலார் என்று எல்லாம் உண்டு. சுற்றுலா போகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். பெரம்பலூரில் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டிமடத்தில் உரக்கடை வைத்திருக்கும் அவன் மாமனார் ஆண்டவர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் அவரே வந்து வண்டிக்குத் தடபுடலாகப் பூஜை போட்டுவிட்டு, போகும்போது ஒரு நிபந்தனையும் வைத்துவிட்டுப் போனார்.

"ஞாயித்துக்கிழம ராமேஸ்வரம் போயிட்டு வருவோம் மாப்ள. வண்டி நல்லாருந்தா ஒங்க இஷ்டம். வழியில ஃபேன் நின்னுச்சுன்னா பேசாம கடைக்கு வந்து ஒக்காந்துடுங்க."

யூரியா மூட்டைகளுக்கு நடுவே, மாமனாரின் கண்ணெதிரே, காலமெல்லாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வருவதற்கு முன்பே ஃபேன் நின்றுவிட்டது.

வண்டிக்குள் ஓடுகிற எல்லாவற்றுக்கும் பின்பக்கம் தனியாக ஒரு பேட்டரி. ஓடும்போது என்ஜினும் நிற்கும்போது சோலாரும் அதற்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏறவில்லை. வேடிக்கை என்னவென்றால், சோலார் மீட்டர் மட்டும் பேட்டரி நிறைந்துவிட்டதாகக் கூசாமல் காட்டியது. அந்த மீட்டருக்கு ஒரு அறை விட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஃபியூஸை மாற்றினான். ஒயர்களை இழுத்துப் பார்த்தான். கூரைமேல் ஏறி, சிமென்ட் லாரிகள் படிய விட்டிருந்த தூசியைக் கழுவினான். ஒன்றும் பலிக்கவில்லை.

"என்னங்க, அப்பா தெருமுனையில எறங்கிட்டாரு" என்றாள் அவன் மனைவி நர்மதா.

கடைசியாக மல்டிமீட்டரை ஒயரின் கிளாம்பில் வைத்தான். பதினாலு வோல்ட். அந்தக் கிளாம்பு கவ்வியிருக்கும் பேட்டரியின் ஈய முனையில் வைத்தான். பன்னிரண்டுகூட இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டுக்கும் நடுவில் கரண்ட் எங்கே போகிறது? மற்ற ஒயர்களைப் பிரித்துவிட்டு கிளாம்பைக் கழற்றினான். உள்ளே காய்ந்து இறுகிப்போன சந்தனம், நடுவில் குங்குமம்.

"நான்தான் வச்சேன்" என்று முதுகுக்குப் பின்னால் பெருமையான குரல் கேட்டது. "மேலாக்க வச்சா உதுந்துடுமேன்னு அதக் கழட்டி அடியில வச்சேன். என் டிராக்டருக்குக்கூட இவ்ளோ பண்ணல மாப்ள."

முத்தமிழ்செல்வனுக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. ஆனால் உங்கள் சந்தனம்தான் கோளாறு என்று சொன்னால் மனுஷன் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவார். நர்மதா ஒரு மாதம் பேசமாட்டாள். அவன் கோபத்தை விழுங்கினான்.

"மாமா, கோயில்ல பழைய சந்தனத்தக் கலைச்சுட்டுத்தானே அபிஷேகம் பண்ணுவாங்க?"

"ஆமா."

"இது வச்சு ஒரு வாரம் ஆச்சுங்களே."

ஆண்டவர் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்குத் தோணலியே! நர்மதா, வெந்நி கொண்டாம்மா!"

வெந்நீரில் ஆப்பசோடாவைக் கலந்தது மாப்பிள்ளை. சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பழைய பல்துலக்கும் பிரஷால் ஈய முனையைத் தேய்த்தது மாமனார். முத்தமிழ்செல்வன் அதைத் துடைத்து, கிளாம்பை இறுக்கி, மற்ற ஒயர்களையும் மாட்டி, புதுச் சந்தனத்தை பேட்டரிப் பெட்டிக்கு வெளியே வைக்கச் சொன்னான்.

என்ஜினைப் போட்டதும் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. மாமனார் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஃபேன் விர்ரென்று சுற்றியது. நர்மதா கை தட்டினாள். ஆண்டவர் கட்டிலில் சாய்ந்து, காற்று வாங்கியபடி கண்ணை மூடினார்.

"மாப்ள, நீங்க கடைக்கு வர வேணாம்."

முத்தமிழ்செல்வனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

"கடைய நம்ம வேலையாளு பெரியசாமி பாத்துக்குவான். நான் இனிமே வண்டியோடவே வந்துடறேன். ஓட்டுற அவசரத்துல அபிஷேகத்த நீங்க மறந்துடுவீங்க."

முத்தமிழ்செல்வன் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தான். அது நிற்கிற மாதிரியே தெரியவில்லை.