நாற்பது ஃப்ளூக்

வால்ட் ஸ்ரோகா பொய் பேசாத மனிதர். முப்பது வருடம் குழாய் ரிப்பேர் பார்த்தவர், ஒரு வீட்டிலும் தேவையில்லாத வேலை சொல்லிக் காசு பிடுங்கியதில்லை. ஆனால் மீன் என்று பேச்சு வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். அதற்கு அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கடலோர ஊரான ஹெரான் பாயின்ட்டில் தூண்டிலோடு திரிகிறவன் எவன் உண்மை பேசினான்? மூன்று பிடித்தவன் பன்னிரண்டு என்பான், கேட்கிறவன் மனதுக்குள் நாலால் வகுத்துக்கொள்வான், அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வந்தது வாஷிங்டன் உள்ளே நுழைந்த பிறகு. கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிற ஒவ்வொருவரும் பெயரைப் பதிய வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் போட்டது. மாநிலம் சொந்தமாக ஒரு பதிவேடு வைத்துக்கொண்டால் வாஷிங்டன் ஒதுங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஆளுக்குப் பதினைந்து டாலர் வாஷிங்டனுக்கு அழ வேண்டும்.

வால்டின் மனைவி லொரெட்டா படகுத்துறையில் இரைக் கடை வைத்திருந்தாள். கடை ஓடியதே ஞாயிற்றுக்கிழமை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வரும் குடும்பங்களால்தான். இரண்டு மணி நேரத்துக்குத் தூண்டில் வாடகைக்கு எடுப்பார்கள், ஒரு டப்பா இரை வாங்குவார்கள், ஒன்றும் பிடிக்காமல் சந்தோஷமாகப் போவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்குப் பதினைந்து டாலர் என்றால் ஐஸ்கிரீம் கடைக்கு நடையைக் கட்டமாட்டார்களா? அடுத்த கோடையைக் கடை தாண்டாது என்று லொரெட்டாவுக்குத் தெரிந்துபோயிற்று. மாநிலமே காசு வாங்காமல் பதிவு செய்து தரும் மசோதா ஒன்று மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் சட்டசபைக் குழுவின் முன் கிடந்தது. அது தேறினால் கடை தேறும்.

குளிர்காலம் முழுக்க லொரெட்டா வீடு வீடாக ஏறி இறங்கினாள். குழு மக்களின் கருத்தைக் கேட்கும் நாளன்று காலையில் ஆளுக்கொரு போர்க் ரோல் சாண்ட்விச்சைக் கையில் திணித்து, முப்பது பேரை வாடகை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அவள் தம்பி ரோக்கோ முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக வால்டின் புகழ் பாடிக்கொண்டே வந்தான். போன ஜூலையில் மச்சான் நாற்பது ஃப்ளூக் என்கிற தட்டை மீன் பிடித்த கதை அது. வால்ட் அடக்கமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரென்டனில் லொரெட்டா தனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில் அழகாகப் பேசினாள். குழுத் தலைவர் ஹாலரன் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். வாஷிங்டன்காரர்களிடம் மீன் பிடிக்கிறவர்களின் பட்டியல் இல்லை. அதனால் கடலோர ஊர்களில் கண்ட வீட்டுக்கெல்லாம் போன் போட்டு, எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்டு, அதைப் பெருக்கிக் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்குத்தான் தாளில் இருந்தது.

"ஹெரான் பாயின்ட்ல மீன் பிடிக்கிற வீடு ஒண்ணுதான் போன்ல சிக்கியிருக்கும்மா," என்றார் ஹாலரன். "ஒரே ஆள், ஒரே மாசம், நாப்பது ஃப்ளூக். இந்த அள்ளு அள்றவங்க பதினஞ்சு டாலர் குடுக்க மாட்டாங்களா? இதுக்கு மாநிலம் ஏன் செலவு பண்ணணும்?"

லொரெட்டா திரும்பி வால்டைப் பார்த்தாள். தாளில் பெயர் இல்லை, ஆனால் வழி நெடுகக் கேட்ட எண் அது; நாற்பது மீனைப் பார்க்காத தன் வீட்டு ஃப்ரிட்ஜ் அவளுக்குத் தெரியாதா?

அந்த போன் வந்த சாயங்காலம் சமையலறையில் வால்டுக்கு எதிரே ரோக்கோ உட்கார்ந்திருந்தான், கையில் பீர். பத்து நிமிடம் முன்னால்தான் அவனிடம் நாற்பது என்று அளந்திருந்தார். போனில் அந்தப் பெண் எத்தனை என்று கேட்டபோது வேறு எந்த எண்ணைச் சொல்வது? நாற்பது என்றார். கூடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

அவர் எழுந்தார். கால் தானாக நடந்து மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

"அந்த நாப்பது நான்தான் ஐயா," என்றார். "மூணு. நான் பிடிச்சது மூணு. அதுலயும் ரெண்டு சின்னது, திருப்பிக் கடல்ல விட்டுட்டேன். போன் வந்தப்ப மச்சினன் பக்கத்துல இருந்தான், மானம் போயிடும்னு பயந்துட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க கடைச் சுவத்துல நான் ஒரு பெரிய ஃப்ளூக்கைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி ஒரு போட்டோ இருக்கு. அந்த மீன் கடையில வாங்குனது."

ரோக்கோவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"மீன் பிடிக்கிறவங்க பட்டியல் நம்ம மாநிலத்துகிட்டயே இருந்தா, நம்ம ஆளுங்களே எங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க," என்றார் வால்ட். "அவங்களுக்கு எங்க லட்சணம் தெரியும். நாலால வகுத்துக்குவாங்க."

ஹாலரன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குள் பின்வரிசையில் ஊர்த் தபால்காரர் எழுந்து, தான் எல்லாரிடமும் பதினெட்டு என்று சொல்லித் திரிந்தது உண்மையில் ஒன்று என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பூஜ்யம் என்றார். பிறகு வரிசையாக முப்பது பேரும் எழுந்து, வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்கள். கடைசியில் ரோக்கோவும் எழுந்தான். தனக்குத் தூண்டிலில் இரை கோக்கவே தெரியாது என்று ஒப்புக்கொண்டான். குழு உறுப்பினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் அந்த ரகம்தான் என்றார். மசோதா ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் குழுவைத் தாண்டியது. பிறகு சபையையும் தாண்டியது.

பஸ்ஸில் லொரெட்டா ஊர் வரும்வரை வால்டின் கையை விடவில்லை. திட்டவும் இல்லை. கடைக்குள் நுழைந்ததும் அந்தப் போட்டோவை மட்டும் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அந்தக் கோடையில் ஃபிலடெல்ஃபியாக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. பைசா செலவில்லாமல் பெயரைப் பதிந்துகொண்டு, ஒன்றும் பிடிக்காமல், சந்தோஷமாகத் திரும்பிப் போயின. கடையில் நிற்க இடமில்லை. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. புதுப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்கள். எதிரே ரோக்கோ உட்கார்ந்திருந்தான், கையில் பீர். லொரெட்டா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

இந்த மாதம் எத்தனை ஃப்ளூக் என்று கேட்டது போன்.

"ஒண்ணு," என்றார் வால்ட், தெருவுக்கே கேட்கும்படி. "ஒண்ணே ஒண்ணு. ஆனா அது நான் பிடிச்சது."